சற்று முன் சேர்ந்தவர்

எங்கள் ஆபீசில் அவளுக்கு வழிப்பறி என்று பெயர். வைத்தவள் நான்தான். கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிற ஆபீஸ் அது. நான் படம் போடுவேன், அவள் வாசகம் எழுதுவாள். ஏதோ ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து ஒரு நூல்கண்டு என்ன விலை என்று பார்க்கப் போவீர்கள். அதற்குள் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குதிக்குமே, மெயில் முகவரியைக் கொடுங்கள், வாரம் ஒரு கடிதம் அனுப்புகிறோம் என்று, அதுதான் அவள் பிழைப்பு. போகிறவர்களை மறித்துக் கையில் இருப்பதைப் பிடுங்குகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. முன்பல் பாதி உடைந்த வாயைத் திறந்து சிரித்தாள்.

அந்தப் பல்லை உடைத்தவன் அவளுடைய அக்காள் புருஷன். டயர்க்கடை வைத்திருந்தான். லாரி டயரைச் சக்கரத்திலிருந்து நெம்பி எடுக்கிற இரும்புக் கம்பி எப்போதும் அவன் கையில் இருக்கும். கடையில் டயர், வீட்டில் பெண்டாட்டி, இரண்டுக்கும் அதே கம்பிதான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலேயே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அக்கா தங்கை இருவருக்கும் அடி புதிதில்லை. அப்பன் பெல்ட்டை உருவினால் பெரியவள் குறுக்கே போய் முதுகைக் காட்டுவாள். சின்னவள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அப்பா நீங்கள் நல்லவர், அப்பா நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று பேசிப் பேசியே ஆளைத் தணிப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சின்னவள் பிழைத்தாள். பெரியவளுக்கு வாய் கிடையாது. அவளை அப்பன் டயர்க்கடைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தான். கைதான் மாறியது, அடி மாறவில்லை. கல்லானாலும் கணவன் என்று அவளுக்குப் புத்தி சொல்லப் போன சொந்தக்காரர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து அதே கல்லால் அடிக்க வேண்டும்.

வழிப்பறி முதலில் பார்த்த வேலை பஸ் நிலையத்தில் நோட்டீஸ் கொடுப்பது. அவசரத்தில் போன ஒரு ஆளின் கையில் நோட்டீசைத் திணித்ததற்கு அவன் பளாரென்று கன்னத்தில் வைத்துவிட்டான். காது இரண்டு நாள் கேட்கவில்லையாம். அந்த அறையில்தான் தொழில் கற்றேன் என்பாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கையை நீட்டவில்லை. முன்னால் போகிறவரைக் காட்டி, "அவங்க வாங்கிட்டாங்க" என்று மட்டும் சொல்வாள். பின்னால் வருகிறவர் தானாகக் கையை நீட்டுவார். அடுத்தவனுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்கிற அரிப்பு மனிதர்களுக்குப் பசியை விடப் பெரிது என்று எனக்கே பாடம் எடுப்பாள்.

ஒரு நாள் அக்கா உடுத்திய துணியோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு காது கிழிந்திருந்தது. அன்று சாயங்காலமே அவளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டாள் வழிப்பறி. மறுநாள் காலையில் டயர்க்கடைக்காரன் வந்தான். வீடு முழுக்கத் தேடினான், பீரோவைக் கவிழ்த்தான், எங்கே அவள் என்று கேட்டுக் கேட்டு அடித்தான். இவள் வாயைத் திறக்கவில்லை. வாயாலேயே பிழைத்தவள் அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கூலிதான் அந்தப் பல். போலீசில் எழுதிக் கொடுத்தோம். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவள் போட்ட சட்டங்களைப் பார்க்க வேண்டுமே. அக்காவுக்கு ஊரின் மறுகோடியில், யாருக்கும் தெரியாத ஒரு பேட்டையில், மாடியில் ஒற்றை அறை. புது நம்பர், புது போன். பழைய போனைப் புருஷன் வீட்டுக் கட்டிலிலேயே போட்டுவிட்டு வந்தது நல்லதாயிற்று என்றாள். ஜன்னல் திரையை விலக்கக் கூடாது. பழைய சிநேகிதி ஒருத்தியிடமும் பேசக் கூடாது. இவள் போவதென்றாலும் இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு கடைக்குள் நுழைந்து பின்வாசலால் வெளியேறித்தான் போவாள். அவன் கண்டுபிடித்தால் கொன்றுவிடுவான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். இதில் மிகைப்படுத்த ஒன்றுமில்லை. அவனே அப்படித்தான் சொல்லியிருந்தான்.

அக்கா ஒரு பழைய தையல் மிஷினை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மாடியிலேயே இருந்து, கீழ்வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுக்கிற துணியைத் தைத்தாள். கை நன்றாக ஓடியது. புருஷன் வீட்டில் இருந்தபோதும் தையல்தான் அவளுக்கு ஒரே ஆறுதல். நாங்கள் இணையதளம் செய்து கொடுத்த ஒரு தையல் சாமான் கடை வாரா வாரம் மெயிலில் இலவசமாக ஒரு சட்டை பேட்டர்ன், துணி வெட்டுவதற்கான அளவுப் படம், அனுப்பும், அதற்காகவே காத்திருப்பாளாம்.

அந்தக் கடையால்தான் வினை வந்தது. கடிதத்துக்குப் புதிதாக ஆள் சேரவில்லை என்று கடைக்காரர் எங்கள் முதலாளியைக் கடித்தார். முதலாளி வழிப்பறியைக் கடித்தார். இந்த மாதம் கூட்டம் சேராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். வேலை போனால் அக்காவின் அறையும் போகும். எனவே அவள் மூன்று காரியம் செய்தாள்.

முதலாவது, பெட்டியில் 'சேர்கிறேன்' என்ற பொத்தானுக்குக் கீழே 'வேண்டாம்' என்று சும்மா போடாமல், 'வேண்டாம், நான் இப்படியே இருந்துகொள்கிறேன்' என்று போட்டாள். அதை அமுக்கித்தான் பெட்டியை மூட முடியும். எவளுக்காவது அதை அமுக்க மனசு வருமா? படிக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். இரண்டாவது, பெயரோடு எந்தப் பேட்டை என்று எழுதவும் ஒரு கட்டம் வைத்தாள். மூன்றாவது, பஸ் நிலையத்துப் பாடம். பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பட்டை ஓடவிட்டாள். 'சற்று முன் சேர்ந்தவர்' என்று போட்டு, சேர்ந்தவளின் பெயர், அவளுடைய பேட்டை. ஒரு பெயர் மறைந்தால் அடுத்த பெயர். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். நம் பேட்டைக்காரியே சேர்ந்துவிட்டாளே என்று பார்க்கிறவளுக்குக் கை துறுதுறுக்கும். பட்டைக்கு நிறம் கொடுத்தவள் நான். நல்ல பச்சை.

கூட்டம் அள்ளியது. முதலாளி கேக் வாங்கி வெட்டினார். இவள் வாயில் அவரே ஊட்டப் போனார், இவள் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஜன்னல் திரையைக்கூட விலக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளுக்கு, தன் கையால் செய்த பட்டை ஒன்று ஊருக்கே திறந்து கிடக்கிறது என்று தோன்றவில்லை. அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். நாங்கள் யாருமே அந்தப் பெயர்களை மனுஷிகளின் பெயராகப் பார்க்கவில்லை. சேர்ந்தால் ஒன்று கூடியது, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து நானும் அவளுடன் அக்காவைப் பார்க்கப் போனேன். என் பையின் வார் அறுந்திருந்தது, தைத்துத் தருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அறை சின்னது. ஜன்னல் பக்கம் மிஷின், சுவரோரம் மேஜை, மேஜை மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். கீழ்வீட்டுக்காரியின் அக்காள் மகளுக்கு ஒரு கவுன் தைத்ததைப் பற்றி ஓயாமல் பேசினாள். இவ்வளவு பேசுகிறவளா என்று நான்கூட அவளைக் கேலி செய்தேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரி மூன்று முறை தட்டுவாள், அப்படித்தான் ஏற்பாடு. இது ஒரே ஒரு தட்டு. வழிப்பறி எழுந்து போய்க் கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. வலது கையால் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போலீசுக்குப் போன் போடு என்று உதட்டால் எனக்குச் சொன்னாள். நான் போனை எடுப்பதற்குள் இடுக்கில் கம்பி நுழைந்தது. டயரை நெம்புகிறவனுக்கு அந்த ஒட்டுப்பலகைக் கதவு எம்மாத்திரம்? பலகை பிளந்து தாழ்ப்பாள் பிய்ந்தது. அடுத்த அடி தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அவள் கை மேல் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. விழுந்தவளின் அதே கையைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

நான் ஸ்டூலைத் தூக்கி அவன் மேல் வீசினேன். தோளில் பட்டது. அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பியை ஒரு வீசு வீசினான். என் விலா எலும்பில் பட்டு, மூச்சு போய், சுவரோடு சரிந்தேன். அக்கா மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பழக்கம். அவன் முடியைப் பிடித்துத் தூக்கினான். நெற்றியை மிஷினின் இரும்புத் தலையில் மோதினான், மறுபடி மோதினான். சத்தம் போடாமல், கடைக்குப் போன பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி பேசினான்.

"வா, வீட்டுக்குப் போலாம். சோறாக்க ஆளில்ல."

வழிப்பறி தரையில் ஊர்ந்து வந்து, நல்ல கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைச்சதையில் பல்லைப் பதித்தாள். பாதிப் பல்லும் சேர்ந்துதான் கடித்திருக்கும். அவன் அலறினான். அக்காவின் முடியை விட்டுவிட்டு, தங்கையின் மண்டைக்கு நேராகக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கினான்.

அக்கா அதைப் பார்த்தாள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்று கண்ணால் கண்டேன். கொதிக்கிற அயர்ன் பாக்ஸை எடுத்து அவன் முகத்தில் வைத்து அழுத்தினாள். அடிக்கவில்லை, காலரைத் தேய்க்கிற மாதிரி அழுத்தினாள். தோல் கருகிய நாற்றம் வந்தது. அவன் கையிலிருந்து கம்பி விழுந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள். முழங்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. அவன் தவழ்ந்து வாசலுக்குப் போனான், பின்னாலேயே போய் அடித்தாள். மாடிப்படியில் உருண்டான், இறங்கி இறங்கி அடித்தாள். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். தடுத்தேனா என்று பிறகு போலீசில் கேட்டார்கள். தடுக்கவில்லை. இன்னும் இரண்டு போடட்டும் என்றுதான் இருந்தது.

தெருவே கூடிவிட்டது. அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து, தங்கச்சி கையைப் பாருங்கள் என்று யாரிடமோ சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தில் இரண்டு கண்ணும் மூடியிருந்தது.

யாரும் சாகவில்லை. அவனுக்கு ஒரு கண் போயிற்று, இடுப்பு உடைந்தது. இனி கம்பு இல்லாமல் நடக்க மாட்டான் என்றார்கள். அவன் மேல் கொலை முயற்சி வழக்கு. அக்கா மேலும் ஒரு வழக்குப் போட்டார்கள், பிறகு தள்ளுபடியானது. அவளுக்குத் தலையில் தையல், வார்டு வாசலில் காவலுக்கு ஒரு போலீஸ்காரம்மா. வழிப்பறிக்கு வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. நாலு விரல் முறிந்திருந்தது.

அந்த போலீஸ்காரம்மாதான் எங்களிடம் சொன்னார். இடம் எப்படித் தெரிந்தது என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா விட்டுவிட்டு வந்த பழைய போனில் தையல் கடையின் கடிதம் வாரா வாரம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் ஏதாவது வாங்கியிருக்கிறாளா பார்க்கலாம் என்று கடிதத்தை அமுக்கிக் கடைப் பக்கத்துக்குள் போயிருக்கிறான். அடியில் பச்சைப் பட்டை ஓடியது. சற்று முன் சேர்ந்தவர், அக்காவின் பெயர், பேட்டையின் பெயர். அந்தப் பேட்டைக்குப் போய், அக்காவின் பழைய மிஷினைச் சரிபார்த்துக் கொடுத்த ரிப்பேர்க்காரரிடம், சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள், சமாதானம் செய்து கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறான். அந்தப் புண்ணியவான் தன் கடையைச் சாத்திவிட்டு மாடிப்படி வரை கூட வந்து காட்டியிருக்கிறார். புருஷன் என்று சொன்னால் போதும், ஊரே கைகாட்டி மரம் ஆகிவிடும்.

"அவளே பேரு, பேட்டை எல்லாம் போட்டிருக்கா, என்னைய வான்னுதானே அர்த்தம்னு சொல்றான்மா" என்றார் போலீஸ்காரம்மா.

வழிப்பறி சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலருகில் நின்று, அந்தப் பெட்டியில் ஏன் பெயர் எழுதினாய் என்று அக்காவைக் கேட்டாள்.

அக்காவின் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு வந்தது. புதுப் போனில் பேட்டர்ன் வருவதில்லை, அதுதான் போனாளாம். தங்கை எழுதிய பெட்டி என்று படித்ததுமே தெரிந்துவிட்டதாம்.

"அந்த 'இப்படியே இருந்துகொள்கிறேன்'ங்கறத அமுக்க எனக்குக் கை வரலடி. இப்படியே இருக்க முடியாதுன்னுதானே வந்தேன். யாரும் சொல்லாம நானா என் பேர எழுதினது அது ஒண்ணுதான்."

வழிப்பறி சொன்னாள். பட்டையைச் சொன்னாள், அவன் அதைப் பார்த்ததைச் சொன்னாள், "நாந்தான்க்கா அவனுக்கு வழி காட்டினேன்" என்றாள். ஒன்றையும் குறைக்கவில்லை. அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பிறகு கையை ஓங்கி ஓர் அறை வைத்தாள். கையில் குத்தியிருந்த குளுக்கோஸ் ஊசி பிய்ந்து, தங்கையின் கன்னமெல்லாம் ரத்தம். அப்பன் அடிக்கு முதுகைக் கொடுத்தவள் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. தங்கை நகரவில்லை, இன்னொன்று வேண்டும் என்பது போல நின்றாள். அக்கா இன்னொன்று வைக்கவில்லை. தலையணையில் சாய்ந்து, மூச்சு வாங்கி, எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அந்தப் பட்டையில இன்னும் எத்தன பேரு ஓடுறாளுங்க?"

நேரே ஆபீசுக்குப் போனோம். சேர்ந்த எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்றாள் அவள். கை இல்லை, அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பேச்சு சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை. உங்கள் பெயரையும் பேட்டையையும் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டிவிட்டோம், யாருக்காவது பயந்து ஒளிந்திருக்கிறவர்கள் இருந்தால் இன்றே இடம் மாறுங்கள், உதவி வேண்டுமானால் இதற்கே பதில் எழுதுங்கள், அவ்வளவுதான்.

முதலாளி பின்னால் வந்து நின்று படித்துவிட்டார். கடைக்காரர் நம்மைத் தூக்கி எறிந்துவிடுவார், உனக்குப் பைத்தியமா என்றார். பட்டையை எடுக்கவும் மாட்டேன் என்றார், அதனால்தானே கூட்டம் வருகிறது. என் கையைத் தட்டிவிட்டு விசைப்பலகையை இழுத்தார். வழிப்பறி மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அவர் மூக்கில் ஒன்று விட்டாள். கட்டு விரிசல் விட்டு அவள் அலறினாள், மூக்கு உடைந்து அவர் அலறினார். இரண்டு அலறலுக்கும் நடுவில் நான் கடிதத்தை அனுப்பினேன். பட்டையையும் எடுத்தேன். அவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். போகிறபோது நான் அவருடைய திரையைக் கீழே தள்ளிவிட்டுத்தான் போனேன்.

கீழே தெருவோரத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் கணக்கு இன்னும் திறந்து கிடந்த என் போனில் பதில்களைப் படித்தோம். பாதிப்பேர் திட்டியிருந்தார்கள். இதற்கு நடுவில் ஒரு புண்ணியவதி, இந்த வாரப் பேட்டர்ன் இன்னும் வரவில்லையே என்று கேட்டிருந்தாள். நான் சிரித்துவிட்டேன், விலா வலித்தது. வழிப்பறி சிரிக்கவில்லை. இன்னும் கீழே தள்ளு, இன்னும் தள்ளு என்றாள்.

அப்போது ஒன்று வந்தது. அதில் பெயர் இல்லை, வணக்கம் இல்லை.

"எந்தப் பேட்டைய காட்டினீங்க? பழசா, புதுசா? சீக்கிரம் சொல்லுங்க."

அந்த மெயில் முகவரியை வைத்துக் கடைக் கணக்கில் தேடினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். அவள் முன்பு ஒரு சாமான் வாங்கியபோது கொடுத்த பேட்டை வேறு, பெட்டியில் சேர்ந்தபோது எழுதிய பேட்டை வேறு. பட்டையில் ஓடியது பின்னது. வழிப்பறி என் தோளைப் பிடித்துக்கொண்டு, எழுது, எழுது என்றாள். 'புதுசு. இப்பவே கிளம்பு' என்று எழுதி அனுப்பினேன். கூடவே வழிப்பறியின் நம்பரும் என் நம்பரும்.

இருட்டுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. இப்போது அக்கா தெருவைப் பார்த்த கடையில் மிஷினைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைக்கிறாள். நாங்கள் மூவரும் கூடுகிறபோது அந்தப் பெண்ணின் பேச்சு எப்படியும் வந்துவிடும். கிளம்பியிருப்பாள், அவசரத்தில் போனை விட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று அக்கா சொல்வாள். ஆமாம் என்று நாங்களும் சொல்வோம்.